சுவரில் அடிக்காத அலுமாரி

புது வீட்டுக்கு அலுமாரி பார்க்க அம்மாவோடு அட்டனுக்குப் போனேன். சுவரோடு பொருத்துவதுதான் இடத்தை அடைக்காது என்று கடைக்காரர் ஒன்றைத் திறந்துகாட்டினார். உள்ளேயிருந்து பூச்சி உருண்டை வாசனை அடித்தது.

தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் எங்கள் துணிகளெல்லாம் அதே வாசனையோடு தகரப்பெட்டியில் கிடந்தன. இந்தியாவுக்குத் திரும்பிப் போக மனு எழுதிக்கொடுத்திருந்ததால் அப்பா பெட்டியைக் காலிசெய்ய விடமாட்டார். பள்ளிக்கூடச் சட்டையைக்கூடத் துவைத்துக் காய்ந்ததும் உள்ளே வைத்துவிட வேண்டும். கடைசிவரை எங்களுக்குக் கப்பல் வரவில்லை. அப்பா லயத்திலேயே செத்துப்போனார்.

"செவுத்துல அடிச்சிட்டா எப்படிடா தூக்கிட்டுப் போறது?" என்றாள் அம்மா.

"எங்கம்மா போகப்போறோம்? வீடே ஒங்க பேர்லதானே இருக்கு!"

"வேலைன்னு ஒரு எடத்துல ஒரு வருசம் நின்னிருக்கியா நீ? எனக்குச் சொல்ல வந்துட்டான்."

கடைக்காரர் சிரித்தேவிட்டார். சலித்துப்போய், சக்கரம் வைத்த அலுமாரியைக் காட்டச் சொன்னேன். அம்மா அதைக் கடை வாசல்வரை தள்ளிப் பார்த்த பிறகுதான் சரி என்றாள்.