குழாயில் தங்கிய பச்சை

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன ஷாம்பு கம்பெனியில் நான் கெமிஸ்ட்டாக இருந்தேன். எண்பதுகளின் கடைசி. பெட்டிக்கடை வாசல்களில் பாக்கெட் ஷாம்பு சரம் சரமாகத் தொங்க ஆரம்பித்திருந்த காலம். பி.எஸ்ஸி. முடித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டால் போதும், எனக்கு என்னையே பிடித்துப்போகும். அவ்வளவு திமிர்.

எங்களிடம் இரண்டு சரக்கு. பச்சையில் மூலிகை ஷாம்பு, மஞ்சளில் முட்டை ஷாம்பு. இரண்டும் ஓடுவது ஒரே குழாயில். பச்சை முடிந்து மஞ்சள் ஓடுமுன் குழாயைக் கழுவ வேண்டும். கழுவியவரும் கெமிஸ்ட்டும் ‘சுத்தம்’ என்ற அட்டையில் கையெழுத்துப் போட்டு வால்வில் மாட்ட வேண்டும்.

கழுவுகிற அக்கா கோவில்பதாகையிலிருந்து வருவார். நாற்பது வயதிருக்கும், ஆறு வருடமாகத் தினக்கூலி. புது வருடத்தில் நாலு பேரை நிரந்தரமாக்கப் போவதாக மேனேஜர் சொல்லியிருந்தார். அந்த நாலில் அக்காவும் ஒருவர். சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு வேறு பேச்சே கிடையாது.

"பர்மனென்ட் ஆயிட்டா ஆஸ்பத்திரி கார்டு தருவாங்கம்மா. என் பொண்ணுக்கு மூச்சு வாங்கிகினே கீது. நல்ல டாக்டரா பாத்து காட்டிடுவேன்."

அன்று டிசம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. ஆவடியில் எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி. ஒரு சரணம் நான் மட்டும் தனியாகப் பாட வேண்டும். ஐந்தேகால் வண்டியை விட்டால் பயிற்சி போச்சு.

குழாயின் நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடி வைத்திருந்தார்கள். தண்ணீர் திறந்தால் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். தண்ணீர் கெட்டியான ஷாம்புவை மொத்தமாகத் தள்ளிக்கொண்டு வராது. விரல் விரலாக அதற்குள் நுழையும். எந்த விரல் கொஞ்சம் முந்துகிறதோ அதற்குத் தடை குறைவு, அதனால் அதுவே இன்னும் முந்தும். அது மறுமுனையைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான், பின்னால் வருகிற தண்ணீரெல்லாம் அந்த வழியே ஓடிவிடும். ஓரத்தில் இருக்கும் ஷாம்பு அசையவே அசையாது.

இதெல்லாம் எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மறுமுனையில் வந்த தண்ணீரை பீக்கரில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினேன். பளிச்சென்று இருந்தது.

"போதும்க்கா, சுத்தமா வருது. கையெழுத்துப் போடுங்க."

"இன்னாம்மா சுத்தம்? தண்ணி அது பாட்டுக்கு வழி பண்ணிகினு வந்துட்ச்சி. பச்ச அப்டியே ஓரமா குந்திகினு கீது பாரு. வெந்நி உட்டு அரை அவர் ஊற வெச்சி, வளைவைக் கழட்டி பிரஷ் போடணும்."

"அரை மணி நேரமா? என் டிரெயின் போயிடும். நான்தானே கெமிஸ்ட்? சொல்றேன் இல்ல, போடுங்க."

"உன் இஷ்டம். நாளைக்கி எதுனா ஆச்சின்னா நீதான் சொல்லணும்."

"சொல்றேன்க்கா, சொல்றேன்."

அக்கா எழுத்துக்கூட்டித் தன் பெயரை எழுதினார். கீழே நான் ஒரு கிறுக்கல். வண்டியைப் பிடித்துவிட்டேன். பாட்டும் நன்றாகவே வந்தது, எல்லோரும் பாராட்டினார்கள்.

மறுநாள் காலையில் நான் போனபோது பாக்கெட் போடும் பெண்கள் மிஷினைச் சுற்றி நின்றிருந்தார்கள். மஞ்சள் ஷாம்புக்குள் பச்சை இழைகள், கிளை விட்டுக் கிளை விட்டு. அன்று காலை போட்ட பாக்கெட் அத்தனையும் அப்படித்தான். மேனேஜர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

அக்கா தயங்கவே இல்லை. "ஊற வெக்கணும்னு சொன்னேன் சார். நேரமாச்சி, போதும்னு கெமிஸ்ட்டம்மாதான் சொன்னாங்க."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "சொன்னீங்களா?"

"இல்ல சார். ஊற வெச்சாச்சுன்னு அவங்க சொன்னாங்க. நம்பிக் கையெழுத்துப் போட்டேன்."

கூசாமல் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை. தினக்கூலிக்காரியா, வெள்ளைக் கோட்டா என்றால் மேனேஜர் யாரை நம்புவார்? அக்காவின் பெயர் பட்டியலிலிருந்து போனது. திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அக்கா என் மேசையைத் தாண்டிப் போனபோது, நான் காலி பீக்கரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். பரிகாரமாக நான் சொல்ல வேண்டிய செபங்கள் எவை என்று ஃபாதர் சொல்லிவிட்டு, "முதல்ல போய் மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லும்மா" என்றார். செபங்களைச் சொன்னேன். மேனேஜரிடம் சொல்லவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்றே ஒரு வருடம் ஓட்டி, வேறு வேலைக்கும் போய்விட்டேன். சீ, என்ன பிறவி நான்!

ஐந்தாறு வருடம் கழித்து ஆவடியில் பூந்தமல்லி பஸ் ஏறி உட்கார்ந்தால், பக்கத்து சீட்டில் அக்கா. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர்தான் முதலில் பேசினார்.

"நல்லா கீறியாம்மா?"

"இருக்கேன்க்கா. பொண்ணு எப்படி இருக்கா?"

"கீறா. மூச்சு மட்டும் அப்டியேதான். மாசா மாசம் கவர்மென்ட் ஆஸ்பத்திரில லைன்ல நிக்கிறோம்."

இப்போதாவது சொல்லித் தொலை என்று என்னையே திட்டிக்கொண்டு வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: "அக்கா, அன்னிக்கி மேனேஜர் கேட்டப்போ எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நீங்க ஊற வெக்கச் சொன்னது சத்தியமா எனக்கு ஞாபகமே வரல."

அக்கா கோபப்படவில்லை. டிக்கெட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டே சொன்னார்.

"ஞாபகம் வந்துச்சிம்மா. இல்லன்னு சொல்றதுக்கு மின்னாடி என்னை ஒரு தபா பாத்தே."

ஆமாம். பார்த்தேன்.