கிராஜினா விருந்தாளியாகப் போன ஞாயிற்றுக்கிழமை

இடது உள்ளங்கையில் மாவு வட்டம். அதன் நடுவில் ஒரு கரண்டி பூரணம்: மசித்த உருளைக்கிழங்கு, நீர் வடித்த பாலாடைக்கட்டி, பொன்னிறமாக வதக்கிய வெங்காயம், தாராளமாக மிளகு. பாதியாக மடித்ததும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே போகும். கிராஜினா இப்படி நான்கு பியெரோகி, அதாவது போலந்துக் கொழுக்கட்டை, மூடுவதற்குள், எதிரே நின்ற டெனிஸ் ஒன்றை எடுத்து அதன் ஓரமெல்லாம் பூரணத்தைத் தடவிவிட்டாள்.

"ஓரத்துல பட்டா ஒட்டாது. கொதிக்கிற தண்ணியில போட்டதும் வாயைத் தொறந்துடும், உன்னை மாதிரி," என்றாள் கிராஜினா.

"என் வாய் எங்கம்மா குடுத்தது."

"அவங்ககிட்டயே திருப்பிக் குடுத்துட்டு மாவை எடு."

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எங்கள் ஊர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்குக் கிராஜினாவின் வகுப்பு நடக்கும். போலந்து வீடுகளில் பெண் எடுத்த ஆங்கிலேய மருமகன்கள் வருவார்கள், பக்கத்து வீட்டு வாசனை பிடித்துப்போனவர்கள் வருவார்கள். சமையலும் மொழியும் ஒரே வகுப்புதான். உப்பு வேண்டுமென்றால் போலிஷில் கேட்க வேண்டும், இல்லையென்றால் உப்பில்லாமல் தின்ன வேண்டும். "மன்னிப்புக் கேக்கிறதெல்லாம் ரெண்டாம் வருஷம். முதல்ல 'இன்னும் கொஞ்சம்' சொல்லக் கத்துக்கங்க. எங்க ஊர்ல அந்த ஒரு வார்த்தையை வெச்சே பிழைச்சிடலாம்" என்பாள்.

ரெஷோவ் நகருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட உணவகத்தில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள் அவள். முந்நூறு பிள்ளைகள் இருந்த இடத்தில் எழுபது பேர் ஆனதும் பள்ளியை மூடிவிட்டார்கள். ஐம்பது வயதில் பேருந்து ஏறி ஒரு பகலும் ஓர் இரவும் உட்கார்ந்து இங்கிலாந்து வந்தாள். உருளைக்கிழங்கு பொட்டலம் கட்டும் தொழிற்சாலையில் வேலை. அழுத கதையெல்லாம் அவளிடம் கிடையாது. சாப்பாட்டு இடைவேளையில் அவள் டப்பாவைத் திறந்தால் தொழிலாளர் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அங்கிருந்துதான் வகுப்பு வளர்ந்தது.

நான் அந்த வகுப்பில் பாத்திரம் துடைப்பேன். மற்றபடி ஊர்க்கோடியில் இருந்த முதியோர் பராமரிப்பு இல்லத்தில் மூத்த பராமரிப்பாளர். டெனிஸ் எனக்குக் கீழே வேலை செய்தாள்.

அந்த வியாழக்கிழமை அவள், "கிராஜினா, 'வாயைத் தொறங்க'ன்னு போலிஷ்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

"பல் டாக்டராகப் போறியா?"

பான் தெயோஃபிலுக்காகத்தான் கேட்டாள்; போலிஷில் மரியாதையாக ஆணைப் 'பான்' என்றும் பெண்ணைப் 'பானி' என்றும் சொல்வது வழக்கம். வயது எழுபத்தொன்பது. போலந்தில் ரயில்வேயில் கைகாட்டி இயக்கியவர். மனைவி இறந்து, இடுப்பெலும்பும் உடைந்த பிறகு, லாரி ஓட்டும் மகன் வால்டெக் அவரை இங்கே அழைத்து வந்திருந்தான். வாரம் முழுக்க வால்டெக் சாலையில் இருந்ததால், நடை திரும்பும்வரை எங்களிடம் விட்டிருந்தான். ஐந்து வாரத்தில் ஒன்பது கிலோ இறங்கிவிட்டார். தொண்டையைச் சோதித்தோம், பல்லைச் சோதித்தோம், இரத்தத்தைச் சோதித்தோம். ஒரு குறையும் இல்லை. தட்டை நீட்டினால் தலைகுனிந்து நன்றி சொல்லி, வேண்டாம் என்பார். திங்கட்கிழமை மருத்துவர் வரும்போதும் இதே நிலைதான் என்றால் மருத்துவமனைக்கு அனுப்பி மூக்கு வழியாகக் குழாய் போடுவதாக முடிவாகியிருந்தது. அங்கே ஒரு படுக்கையும் சொல்லி வைத்தாயிற்று. அந்த உடம்போடு போனால் அவர் திரும்பி வருவது சந்தேகம் என்று எனக்குத் தெரியும். வால்டெக்கும் அதை ஊகித்திருந்தான்.

"எத்தனை தடவை கேப்பே?" என்றாள் கிராஜினா.

"ஒரு தடவை. வேணாம்னா வேணாம்தான். எங்களுக்கு அப்படித்தான் பயிற்சி."

கிராஜினா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். "பானி லுத்சினா, நீங்க போலந்துலதானே பொறந்தீங்க? நீங்களும் ஒரு தடவைதான் கேட்டீங்களா?"

"வற்புறுத்தக் கூடாதுங்கிறது விதி," என்றேன். நல்ல விதி. ஊட்டுகிறேன் என்று முதியவர்களின் வாயில் கரண்டியைத் திணிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் முப்பது வருடம் அந்த விதியோடு வாழ்ந்ததில் நான் வளர்ந்த வீட்டின் பழக்கம் எனக்கே மறந்துபோயிருந்தது. கேட்டேன், மறுத்தார், 'மறுத்தார்' என்று குறித்துக்கொண்டேன்.

"முதல் 'வேணாம்' மரியாதைக்கு," என்று டெனிஸுக்குச் சொன்னாள் கிராஜினா. "ரெண்டாவது, நாம சாப்பாட்டுக்கு அலையறோம்னு நினைச்சிடக் கூடாதேன்னு. மூணாவது தடவை கேக்காம தட்டை எடுத்துட்டுப் போனா, அந்த வீட்டுல நமக்குச் சாப்பாடு போட மனசில்லைன்னு அர்த்தம். அந்த மனுஷன் அஞ்சு வாரமா பட்டினி கிடக்கிறாரு, நீங்க அவரை மறுத்தாருன்னு எழுதியிருக்கீங்க."

மறுநாள், திரும்பத் திரும்பக் கேட்க நான் அனுமதி கொடுத்தேன். டெனிஸ் மூன்று முறை கேட்டாள். சனிக்கிழமை நான்கு முறை கேட்டாள். அவர் நான்கு முறையும் நன்றி சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டெனிஸ் தொலைபேசியில் கிராஜினாவிடம் சண்டை பிடித்தாள்.

"மூணுன்னு சொன்னீங்க. நாலாச்சு."

"நீ கேட்ட லட்சணம் அப்படி. நாளைக்கு நானே வர்றேன்."

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்கு வந்தாள். நல்ல சட்டை, காதில் தொங்கட்டான், துண்டு சுற்றிய பானை. வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள். மற்றவரைக் கவனிக்கப் போகிறவர் வயிறு காலியாகப் போகக் கூடாது என்பது அவள் கொள்கை. நேரே அறைக்குள் போய், கட்டிலின் குறுக்கே இருந்த சிறு பலகையில் ஒரு தட்டில் ஆறு பியெரோகியை வைத்து, மேலே வதக்கிய வெங்காயத்தைத் தூவினாள்.

"சாப்பிடுங்க, பான் தெயோஃபில். சூடா இருக்கு."

"நன்றிங்க. இப்பதான் ஆச்சு."

"ஆனது எப்படியோ, இது வேற. ஒண்ணே ஒண்ணு."

"ரொம்ப நன்றிங்க. வயிறு நெறைஞ்சிருக்கு."

"ராத்திரியெல்லாம் உக்காந்து பண்ணினேன். எனக்காக."

பொய்தான், காலையில் பண்ணியது. அவர் மறுபடி தலைகுனிந்து நன்றி சொன்னார். நான்காம் தடவையும் ஐந்தாம் தடவையும் கேட்டாள். வாசலில் நின்ற டெனிஸ் கையைக் கட்டிக்கொண்டு விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி எண்ணிக் காட்டினாள். கிராஜினா ஒரு விஷயத்தில் தோற்று நான் பார்த்தது அதுவரை இல்லை.

அப்போது அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில், "நீங்க நின்னுட்டே இருக்கீங்க, பானி. வீடு தேடி வந்திருக்கீங்க, உங்க முன்னாடி வெக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல," என்றார்.

கிராஜினா தட்டிலிருந்ததைப் பானையில் கொட்டி, மூடி, துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"என் தப்பு," என்றாள் என்னிடம். "இது அவரு வீடு. அந்தக் கட்டிலும் ஜன்னலும்தான் அவருக்கு இப்ப வீடு. கதவைத் தட்டாம உள்ள போய் அவரு வீட்டுலயே அவருக்குப் பரிமாறினா, எந்த மானமுள்ள மனுஷன் தின்பான்? ரெண்டு தட்டு குடுங்க. ஒரு நாற்காலி குடுங்க."

கதவைச் சாத்தினாள், தட்டினாள், காத்திருந்தாள். உள்ளேயிருந்து "வாங்க" என்று குரல் வர நேரமாயிற்று. வந்ததும் உள்ளே போனாள்.

"இந்தப் பக்கமா வந்தேன், பான் தெயோஃபில். வெறுங்கையோட வர மனசில்ல, கொஞ்சம் கொண்டுவந்தேன். எங்க வெக்கட்டும்?"

பானையையும் கரண்டியையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து உட்கார்ந்தார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். ஒரு தட்டில் நான்கு எடுத்து வைத்து அவளிடம் நீட்டினார்.

"சாப்பிடுங்க, பானி."

"ஐயோ, வேணாங்க. இப்பதான் சாப்பிட்டு வர்றேன்."

"என்னத்த சாப்பிட்டீங்க, துடைப்பம் மாதிரி இருக்கீங்க."

கிராஜினாவைத் துடைப்பம் என்று யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. டெனிஸுக்கு அர்த்தம் தெரிந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

"நெசமா வேணாங்க. உங்களுக்குக் கொண்டுவந்தது."

"முப்பத்தாறு வருஷம் கைகாட்டியில இருந்தவன் நான். எது செவப்பு, எது பச்சைன்னு எனக்குத் தெரியும். உங்க 'வேணாம்' பச்சை. சாப்பிடுங்க."

"நீங்க சாப்பிடாம நான் மட்டும் எப்படி மெல்றது? அப்ப வீட்டுக்கே போறேன்."

"போறதா? என் வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோடயா?" தனக்கும் ஒரு தட்டில் வைத்துக்கொண்டார். "சரி, துணைக்கு."

துணைக்கு ஐந்து சாப்பிட்டார். கிராஜினாவின் தட்டு காலியாகும்போதெல்லாம் மேலும் ஒன்று வைத்தார். அவள் மறுக்க, அவர் மிரட்ட, ஏற்கெனவே நிறைந்திருந்த வயிற்றில் ஏழு இறங்கியது. வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்புப் பட்டையைத் தளர்த்தினாள்.

"நாளைக்கு நான் ஆறு மணிக்கு வேலைக்குப் போகணும்," என்றாள் டெனிஸிடம். "காலைச் சாப்பாட்டுக்கு நீதான் விருந்தாளி. ரெண்டு தடவை வேணாம்னு சொல்லணும். மூணாவது தடவை, 'சரி, கொஞ்சம்.' சொல்லு பாப்போம்."

டெனிஸ் சொன்னாள். கிராஜினா திருத்தினாள். ஆறு முறை சொல்ல வைத்தாள்.

"வேலை நேரத்துல சாப்பிடக் கூடாதுன்னு விதி இருக்கே," என்று என்னைப் பார்த்தாள் டெனிஸ்.

"அதை நான் பாத்துக்கிறேன். நீ இன்னைக்கு ராத்திரி கொஞ்சமா சாப்பிடு."

மறுநாள் காலை ஏழரைக்கு டெனிஸ் சீருடைக்கு மேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் தட்டி, குரல் வரும்வரை நின்றாள். ரொட்டி, முள்ளங்கி கலந்த பாலாடைக்கட்டி, நான்கு அவித்த முட்டை, இரண்டு தட்டு. கத்தியை அவரிடம் கொடுத்தாள். அவர் அவளுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தார். அவள் இரண்டு முறை மறுத்தாள், உச்சரிப்பு மோசம், அவர் பொருட்படுத்தவில்லை. அவர் இரண்டு துண்டு ரொட்டியும் இரண்டு முட்டையும் சாப்பிட்டார். பத்து மணிக்கு வந்த மருத்துவர் உணவுக் குறிப்பைப் படித்தார், பெரியவரின் மார்பைச் சோதித்தார், தினமும் எடை பார்க்கச் சொல்லிக் குழாயை ரத்து செய்தார். நான் மருத்துவமனைக்குத் தொலைபேசி செய்து படுக்கை வேண்டாம் என்றேன். பிறகு எங்கோ நெடுஞ்சாலையில் இருந்த வால்டெக்கிடம் அப்பா சாப்பிட்டார் என்று சொன்னேன். அதன்பின் பான் தெயோஃபிலின் பராமரிப்புத் தாளில், 'உணவை மறுக்கிறார்' என்ற வரியை அடித்துவிட்டு எழுதினேன்: கதவைத் தட்டிக் காத்திருக்கவும். இரண்டு தட்டு கொண்டுசெல்லவும். கரண்டியை அவரிடம் கொடுக்கவும். கையெழுத்துப் போட்டு, மதியப் பணிக்கு வந்தவர்களைக் கூப்பிட்டு அதைச் சத்தமாகப் படிக்க வைத்தேன்.