யாருடைய முழங்கால்?

ஆர்.எஸ்.புரத்தில் எனக்கு டைப் அடித்துக் கொடுத்த அம்மாள் கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். அடிக்கிற வரியில் நம்பிக்கை இல்லையென்றால் இரண்டு கைகளையும் மெஷினிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்.

என் மகள் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, தன்னைப் பற்றி ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். பத்திரிகைகளில் நகைச்சுவை எழுதும் அப்பன் இருக்கையில் அவள் எதற்குச் சிரமப்பட வேண்டும் என்று, அவள் பெயரில் நானே எழுதிக் கொண்டுபோனேன்.

மூன்றாவது வரியில் கைகள் மடிக்குப் போயின.

"ஏனுங் சார், மருதமலைப் படியேறுனா முழங்கால் வலிக்குதுன்னு போட்டிருக்குதுங்க. அம்மணிக்கு வயசு என்னங்க?"

"பதினேழுங்க."

"அப்ப வலிக்கறது உங்க முழங்காலுங்களா?"

நான் தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தேன்.

"அம்மணியக் கூட்டிட்டு வாங்க. காலேஜ் சீட்டு அம்மணிக்குத்தானுங்களே?"

மறுநாள் மகளுடன் போனேன். "நீங்க போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வாங்க" என்று என்னை வெளியே அனுப்பிவிட்டார். மூன்று டீ குடித்தேன். எட்டிப் பார்த்தபோதெல்லாம் மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கைகள் ஒருமுறைகூட மடிக்கு இறங்கவில்லை.

இடம் கிடைத்தது. அந்தக் கட்டுரையை இருவருமே எனக்குக் காட்டவில்லை. இப்போதும் ஒரு வரி எழுதி முடித்ததும், அந்தக் கைகள் எங்கே இருக்கும் என்று யோசித்துக்கொள்கிறேன். பெரும்பாலும் மடியில்தான்.