காது குத்தினவன்மேல் பழி

காது குத்துகிற பொன்வேலைப் பத்தரின் முகத்தைப் பார்த்து எந்தப் பிள்ளையும் சிரித்ததில்லை. திருகோணமலைத் துறைமுகத் தெருவில் முப்பது வருஷம் குத்திய எனக்கும் அதே கதிதான், உங்களில் இந்தத் தொழில் செய்தவர்களுக்கும் அதே கதிதான்.

சட்டியில் ஊசி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். ஆனால் ஒரே ஊசியால் இரண்டு பிள்ளைகளுக்குக் குத்தி, இரண்டுக்கும் சீழ் பிடித்ததைக் கண்டபிறகு, ஊசியையும் வளையத்தையும் தண்ணீரில் நன்றாக அவிக்காமல், சவர்க்காரம் போட்டுக் கை கழுவாமல் ஒரு காதையும் தொட்டதில்லை.

நிலாவெளியிலிருந்து மனோன்மணி தன் எட்டு மாதப் பெண்பிள்ளையைக் கொண்டுவந்தாள். வளையம் தாய்மாமன் போடவேண்டும் என்பது வழக்கம். அவள் தமையன் செல்லத்துரை மடியிலிருந்து இரண்டு பொன் வளையங்களை எடுத்துத் தந்தான். நான் சட்டியை அடுப்பில் வைத்ததும், வந்த சனமெல்லாம் கேட்கச் சொன்னான்: "பத்தர், காது குத்த வந்தனாங்களோ, றால் அவிக்க வந்தனாங்களோ?"

ஐந்தாம் நாள்

அவித்த ஊசியால் குத்தி, அவித்த வளையத்தைப் போட்டு, புண் ஆறும்வரை வளையத்தைக் கழற்றவேண்டாம், கொதித்து ஆறின உப்புத் தண்ணீரால் கழுவுங்கள், அழுக்குக் கையால் தொடவேண்டாம் என்று மூன்று தரம் சொல்லித்தான் அனுப்பினேன். ஐந்தாம் நாள் அண்ணனும் தங்கையும் பட்டறை வாசலில் நின்றார்கள். தாயின் தோளில் பிள்ளை துவண்டு கிடந்தது. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. வலது காது கத்தரிக்காய் போல வீங்கிக் கறுத்திருந்தது. பட்டறையைப் பூட்டி, ஆஸ்பத்திரிக்கு நடவுங்கள் என்றேன். வழியெல்லாம் செல்லத்துரை கத்திக்கொண்டே வந்தான்: "பிள்ளைக்கு ஒண்டு நடந்தால், இந்த ஊரில நீ இனி ஒரு காதும் குத்த ஏலாது, பாத்துக்கொள்!"

தட்டில் விழுந்தது

தாதி வளையத்தைக் கழற்றித் தட்டில் போட்டா. பச்சை பிடித்த பித்தளை. நான் போட்டது பொன் என்றேன். "ஆர் மாத்தினது?" என்று தாதி கேட்டா. மனோன்மணிதான் அழுதழுது சொன்னாள். சபையில் மானம் போகக்கூடாதென்று செல்லத்துரை தன் மனைவியின் தங்கையிடம் இரவல் வாங்கின வளையமாம்; மூன்றாம் நாளே அவள் திருப்பிக் கேட்டுவிட்டாளாம். கடலில் கரைவலை இழுத்துவிட்டு வந்த அழுக்குக் கையோடு, பச்சைப் புண்ணில் இவனே கழற்றிப் பித்தளையைச் செருகியிருக்கிறான்.

இரண்டு நாளாகப் பிள்ளை கண் திறக்கவில்லை. நானும் ஆஸ்பத்திரி வாசலிலேயே இருந்தேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. காதுச் சோணையில் ஒரு துண்டு அழுகிப் போய்விட்டது. வெளியே வரும்போது மனோன்மணி தமையனிடம் சொன்னாள்: "அண்ணை, என்னட்டப் பொன் இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால், நான் இவளுக்குக் குத்தாமலே விட்டிருப்பனே."

மன்னிப்பு

அவன் தெருவில் கத்தினதைக் கேட்ட சனத்துக்கு ஆஸ்பத்திரியில் நடந்தது தெரியாது. ஒரு வருஷம் நிலாவெளிப் பிள்ளை ஒன்றும் என்னிடம் வரவில்லை. செல்லத்துரை இன்றுவரை மன்னிப்புக் கேட்கவுமில்லை. அந்த வருஷம் கழிந்து ஒருநாள் தன் மகளைக் காது குத்தக் கொண்டுவந்தான். பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அவனை மட்டும் வெயிலில் நிறுத்தினேன். அங்கே நின்றபடி கேட்டான்: "பத்தர், இன்னும் அதையோ நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

நான் கண்ட அளவில், காதில் ஊசி செய்த புண்ணைவிட இனசனத்துக்குமுன் மானம் காக்கப்போய் வந்த புண்தான் அதிகம்.