மிஸ்ஸியின் ஐஸ்

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் ஒரே பிரிஜ் எங்கள் வீட்டில்தான் இருந்தது. வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்தது. நோன்பு மாதத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு சர்பத்துக்கு ஐஸ் கேட்டு அக்கம்பக்கத்தார் வாசல் கடப்படியில் கோப்பைகளோடு நிற்பார்கள். கொடுத்தால் நன்மை என்பார் உம்மா. எனக்கு நன்மையைவிடப் பெருமைதான் பெரிது. பதினைந்து வயதில் பிரிஜ் கதவு என் பொறுப்பு. தலைகால் புரியாமல் ஆடினேன். அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இன்றும் ஆசையாக இருக்கிறது.

மாதத்தில் ஒரு நாள், நாங்கள் குர்ஆன் படித்த ஓதப்பள்ளியில் பிள்ளைகளுக்கு ஊசி போடுவார் மருத்துவிச்சி. மிஸ்ஸி என்போம். முந்தின நாள் காலையில் எங்கள் பிரிஜில் இரண்டு டப்பாவில் தண்ணீர் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் சுகாதாரக் கந்தோரிலிருந்து கொண்டுவரும் மருந்துப் பெட்டிக்குள் அந்த ஐஸை அடுக்குவார்.

"நோயோட எப்பிடிச் சண்ட புடிக்கிறண்டு உடம்புக்கு முதலே பழக்கிற மருந்து இது. சூடு பட்டாப் பழுதாப் பெய்த்திரும். பொறகு குத்தியும் ஒண்டுதான், குத்தாட்டியும் ஒண்டுதான்" என்று ஒருநாள் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

ஒரு நோன்பில், ஊசி நாளுக்கு முந்தின பின்னேரம், எங்கள் ஐஸ் தீர்ந்த பிறகு பக்கத்து வளவு ராத்தா வந்தார். இடுப்பில் மூன்று மாதப் பிள்ளை. இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிஸ்ஸியின் ஐஸை எடுத்து அவர் கோப்பையில் போட்டேன். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லிவிட்டார்கள், திரும்பத் தண்ணீர் வைக்க மறந்தே போனேன்.

மறுநாள் மிஸ்ஸி வெறும் டப்பாக்களைப் பார்த்தார். ஏசவில்லை. ஏசியிருக்கலாம். "மருந்து தாங்காது" என்று பெட்டியோடு பஸ் ஏறினார். காத்திருந்த தாய்மார் பிள்ளைகளோடு திரும்பினார்கள். ராத்தாவும்தான்.

அடுத்த ஊசி நாளுக்குள் அந்தப் பிள்ளைக்குக் குக்கல் இருமல் பிடித்தது. இருமி இருமி மூச்சை இழுக்கிற சத்தம் வேலி தாண்டி வரும். குசினிக்குள் அடுப்படியில் நின்று அழுவேன்.

"அந்த ஊசி தடுத்திரிக்குமா மிஸ்ஸி?"

"சொல்லேலா மகள்."

பிள்ளை பிழைத்தான், அல்ஹம்துலில்லாஹ். ராத்தாவிடம் மட்டும் நான் ஒன்றும் சொல்லவில்லை. பயம்.

அடுத்த வருட நோன்பிலும் ஊசி நாளுக்கு முதல்நாள் ராத்தா கோப்பையோடு வந்தார். பிள்ளை அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே இருந்தது மிஸ்ஸியின் ஐஸ் மட்டும்தான்.

"இல்ல ராத்தா" என்றேன்.

"ஓம், அது உள்ளுக்கே இரிக்கட்டும்" என்றார் ராத்தா. "போன நோன்புல நான் குடிச்சது மிஸ்ஸிட ஐஸ்தானே."

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வெறும் கோப்பையோடு திரும்பிப் போனார்.