கட்டுமாவடி அளவில் ஊற்றிய உறை

என் வேலை நோட்டில் தினமும் மூன்று கட்டங்களை நிரப்புகிறேன். முதல் கட்டத்தில் அன்றைய அதிகபட்ச உஷ்ணம். இரண்டாவதில் குறைந்தபட்சம். மூன்றாவதில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். வானிலை நிலையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த புதிதில் அந்த மூன்றாவது கட்டத்தைப் பற்றியே சில நாட்கள் பாடம் நடந்தது. கடலை ஒட்டிய ஊர்களில் வித்தியாசம் சிறியது, உள்நாட்டுக்குள் போகப் போகப் பெரியது. மேகம் மூடிய மாதங்களில் குறையும், வானம் வெளுத்த மாதங்களில் கூடும். உடன் படித்தவர்கள் இதை உருப்போட்டார்கள். எனக்கு அந்தச் சிரமம் இருக்கவில்லை. ஒன்பது வயதில் ஆறு பானைப் பாலுக்குக் காவல் இருந்தபோதே அது எனக்குப் பழகிவிட்டது.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூன்று குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அடுப்படி பெரியம்மாவின் ராஜ்யம். சித்தப்பாவுக்கு அந்த வருஷம் ஆவணியில் கடலோரத்துக் கட்டுமாவடியிலிருந்து பெண் எடுத்தார்கள். அங்கே சித்தியின் அப்பாவுக்கு அரிசிக் கடை. நாங்கள் சமஸ்தானத்துக் குடிகள், கட்டுமாவடியோ வெள்ளைக்காரச் சீமை. அதனால் பெரியம்மா வாயில் சித்திக்கு ‘சீமைக்காரி’ என்றே பெயர்.

சித்தி கொண்டு வந்த சாமான்களை நான் கூடவே நின்று எண்ணினேன். பித்தளைப் பாத்திரம் பதினொன்று, டிரங்குப் பெட்டி ஒன்று, பாய் இரண்டு, தலையணை நான்கு. போர்வை இல்லை.

“போர்வை குடுக்கக்கூடவா உங்கப்பாருக்கு மனசு வரல?” என்றாள் பெரியம்மா.

“எங்க ஊர்ல போத்திக்கிற மாதிரி குளுராதுக்கா,” என்றாள் சித்தி. அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பெரியம்மா சிரிக்கவில்லை.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தயிருக்கு உறை ஊற்றும் வேலை சித்திக்கு வந்தது. வெதுவெதுப்பான பாலில் தன் பிறந்த வீட்டு அளவில் ஒரு சின்னக் கரண்டி மோர் விடுவாள். வெளியே மழை மூட்டம் கலையாமல் கிடக்கும். விடிந்து பார்த்தால் தயிர் ஆடையோடு உறைந்திருக்கும். மார்கழி பிறந்ததும் அவள் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போக, சித்தி கட்டுமாவடிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தது மாசியில், என் தம்பியின் காதுகுத்துக்கு மூன்று நாள் முன்னால். விசேஷத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை பெரியம்மா அடுப்படிக்குள் யாரையும் விடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புது மருமகள் வந்தபின் நடக்கும் முதல் விசேஷத்தில், விருந்துத் தயிருக்கு அவள்தான் உறை ஊற்ற வேண்டும். கெட்டியாக உறைந்தால் கைராசிக்காரி. அப்புறம் விதை நெல்லை முதலில் அள்ளுவது, பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவது, பயணம் கிளம்புகிறவருக்குத் திருநீறு பூசுவது எல்லாம் அவள் கையால் நடக்கும். உறையாவிட்டால் எதற்கும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். அடுத்த தெருவில் அப்படி ஒருத்தி இருந்தாள். என்றைக்கோ உறையாமல் போன பாலுக்காக, தலை நரைத்த பின்னும் அவளை விதைக் குதிருக்குப் பக்கத்தில் யாரும் விட்டதில்லை. இது சித்திக்கும் தெரியும்.

காதுகுத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஆறு பானைப் பால் காய்ந்து ஆறியது. பெரியம்மா வாசலில் வந்திறங்கிய சொந்தக்காரர்களைக் கவனிக்கப் போயிருந்தாள். சித்தி சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பானைக்கு ஒரு கரண்டியாக மோர் ஊற்றினாள். நான் பக்கத்தில் நின்று விரல் மடக்கினேன். ஆறு.

மறுநாள் காலையில் வைக்கோல் போரின் மேல் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது. அம்மாவின் பழைய சேலையைப் போர்த்திக்கொண்டு நான் அடுப்படிக்குப் போனபோது சித்தி ஒரு பானையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் அப்படியே ஓரத்துக்கு ஓடி வந்தது. அடுத்த பானையும் அப்படித்தான். ஆறையும் பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாலு பாலாவே கெடக்குடி. நீதான் பாத்தியே, ஊத்துனேன்ல?”

“ஊத்துனீங்க சித்தி. ஆறு பானைக்கு ஆறு கரண்டி.”

கணக்கு சரியாக இருந்தது. அது அவளுக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் பெரியம்மா உள்ளே வந்தாள். ஒரு பானையில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

“என்ன அளவு ஊத்துன?”

“எங்க வீட்டு அளவுதாங்க்கா. ஐப்பசியில சரியா வந்துச்சே.”

“ஐப்பசியில மழை மூடிக் கெடந்துச்சு, வந்துச்சு. மாசிப் பனிக்கு வருமா? ஒங்க கடக்கரையில ராவும் பகலும் ஒண்ணு. இங்கிட்டுப் பகல்ல மண்டையப் பொளக்கும், விடியக்காலம் பல்லு கிட்டிப்போகும். போர்வை கொண்டாராதவளுக்கு இது எங்க தெரியப்போகுது?”

சித்தி அழ ஆரம்பித்தாள்.

“அழுகைய அப்பறம் வச்சுக்க. கண்ணீர் விழுந்தா பாலு திரிஞ்சிரும். தூக்கு பானைய.”

பெரியம்மா தன் புளித்த மோர்ச் சட்டியைக் கொண்டு வந்து ஒவ்வொரு பானையிலும் இரண்டு அகப்பை விட்டாள். பிறகு அவளும் சித்தியுமாகப் பின்வாசல் வழியே பானைகளை வெயில் விழும் பாறைக் களத்துக்குத் தூக்கிப் போனார்கள். அடியில் கொஞ்சம் வைக்கோல், மேலே தட்டு, சுற்றிலும் கோணிச் சாக்கு. பெரியம்மா என்னைக் காவலுக்கு வைத்தாள். காக்கை வந்தால் விரட்ட வேண்டும், நாய் வந்தால் கல் எடுக்க வேண்டும், பானையை ஆட்டக்கூடாது. இந்த மூன்றையும் என்னைத் திருப்பிச் சொல்ல வைத்தாள். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் சொல்லவில்லை.

நான் வெறுங்காலோடு நின்றிருந்தேன். முதலில் பாறை சில்லென்று இருந்தது. தம்பி தாய்மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டது கேட்ட நேரத்தில் வெதுவெதுத்தது. முதல் பந்திக்கு இலை போடும் சத்தம் வந்தபோது என்னால் கால் வைக்க முடியவில்லை. வைக்கோல் மேல் ஏறி நின்றுகொண்டேன். இன்று கண்ணாடிக் குழாயில் படித்து எழுதுகிற வித்தியாசத்தை அன்று உள்ளங்காலால் எடுத்தேன்.

முதல் பந்தி ஆண்களுக்கு. ரசத்துக்குப் பிறகு நீர்மோர்தான் வந்தது. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, இதை உடனே கவனித்துவிட்டாள். தயிர் எங்கே என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்கு வந்தாள். சரியாக அப்போதுதான் நான், ஒரு பானை உறைந்துவிட்டது என்று பெரியம்மாவிடம் சொல்ல உள்ளே ஓடி வந்தேன். சித்தி சுவரோரம் அப்பளக் கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மதினி, புதுப்பொண்ணு கைக்குத் தயிரு மசியலையாக்கும்?” என்றாள் அத்தை.

“அவ கைக்கு என்ன? நாந்தான் கூறுகெட்டுப்போயி, ஒறையக் கொறைச்சு ஊத்துன்னு சொல்லிப்புட்டேன். பனிய மறந்துட்டேன். வயசாகுதுல்ல,” என்றாள் பெரியம்மா.

பெரியம்மா எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. பெரியவர்கள் தப்பாகச் சொன்னால் திருத்துவது நல்ல பிள்ளையின் கடமை என்று பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. இருந்தாலும் நான் அப்படித்தான் நம்பினேன்.

“இல்ல அத்தை. பெரியம்மா அப்ப வாசல்ல இருந்தாங்க. சித்தியாத்தான் ஊத்துனாங்க. பானைக்கு ஒரு கரண்டி. நான் எண்ணுனேன்.”

அத்தை என்னையும் பார்த்தாள், பெரியம்மாவையும் பார்த்தாள். பெரியம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

“எண்ணத் தெரிஞ்சவ, போயி அடுத்த பந்திக்கு எலை எத்தனை கெடக்குன்னு எண்ணிட்டு வா. ஓடு.”

நான் ஓடினேன்.

இரண்டாம் பந்தி பெண்களுக்கு. அதற்குள் ஆறு பானையும் உறைந்துவிட்டன. பெரியம்மா சித்தியையே பரிமாற வைத்தாள். முதல் கரண்டி அத்தையின் இலையில் விழுந்தது. வெட்டிப் போட்டது போல நின்ற தயிரைத் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தை, “கைராசிதான்,” என்றாள். அவள் நம்பிச் சொன்னாளா, பெரியம்மாவுக்காகச் சொன்னாளா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. ஆனால் சொல் ஊருக்குள் போய்விட்டது. அந்த ஆடியில் விதை நெல்லைச் சித்திதான் அள்ளிக் கொடுத்தாள். பல வருஷம் கழித்து, பெண்பிள்ளை தனியாகப் பயிற்சிக்குப் போவதா என்று வீடு இரண்டுபட்டபோது, பெரியம்மாதான் சித்தியைக் கூப்பிட்டு எனக்குத் திருநீறு பூசி அனுப்பச் சொன்னாள். அந்தக் கை பூசிய பிறகு யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. இந்த நோட்டும் இந்த வேலையும் எனக்கு அப்படிக் கிடைத்தவை.

அன்றைக்கு இதில் எதுவுமே எனக்கு எட்டவில்லை. இலைக் கட்டைப் பிரித்து, கிழிந்ததைத் தனியாக ஒதுக்கி, தப்பிருக்கக்கூடாது என்று இரண்டு தடவை எண்ணினேன். நல்ல இலை எண்பத்து நான்கு, கிழிந்தது ஏழு. சொல்வதற்காகப் பெரியம்மாவின் பின்னாலேயே நடந்தேன். அவள் திரும்பவே இல்லை. பந்தி முடிந்து, எச்சில் இலை எடுத்து, வண்டிகள் கிளம்பிப் போன பிறகும் அவள் கேட்கவில்லை. பனியை மறந்தது போலவே இதையும் மறந்துவிட்டாள், பாவம், வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.