ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு மௌனப் படம்

அந்தப் படத்தைப் பற்றி அப்போது யார் மாட்டினாலும் பேசாமல் விடமாட்டேன். கறுப்பினத்தவர் ஒருவர், அமெரிக்காவில் எந்த ஸ்டுடியோவும் தன் இனத்தைச் சீந்தாத காலத்தில், தானே எழுதித் தானே இயக்கிய மௌனப் படம். கறுப்புக் குழந்தைகளின் பள்ளிக்கூடத்தைக் காப்பாற்ற அலையும் ஓர் ஆசிரியை. வெள்ளைக்காரக் கும்பல் வேட்டையாடும் அவள் குடும்பம். ஊருக்கு ஊர் தணிக்கைக்காரர்கள் வெட்டினார்கள், பிறகு படமே காணாமல் போனது, வெகு காலம் கழித்து வேறொரு நாட்டில் ஒரு பிரதி கிடைத்தது. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்வேன். குவைத்தில், மங்காஃப் பகுதி ஃப்ளாட்டில் என்னோடு இருந்தவர்கள், "பேசாத படத்துக்கு நீ ஏன்டா இவ்வளவு பேசுற?" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்கள்.

குவைத்துக்கு நான் வேலைக்கு வந்து இரண்டாவது வருடம். எங்கள் தமிழ்ச் சங்கம் வெள்ளிக்கிழமைகளில் ஒரு கட்டடத்தின் பேஸ்மென்ட் ஹாலில் கூடும். குழந்தைகள் நடனம், பட்டிமன்றம், சாப்பாடு. அதில் ஒரு மாலை என் படத்துக்குக் கிடைத்தது. காட்சிகளுக்கு நடுவே வசனம் எழுதிக் காட்டும் அட்டைகளைத் தமிழில் மொழிபெயர்த்துவிட்டேன். திரைக்குப் பக்கத்தில் நின்று அவற்றைப் படிக்க ஒரு குரல் வேண்டும்.

குரல் நான் வேலை பார்த்த கட்டட சைட்டிலேயே இருந்தது. சாரம் கட்டும் அண்ணன் ஒருவர். காலையில் சேஃப்டி ஆபீசர் ஆங்கிலத்தில் சொல்வதை மெகாபோனில் தமிழாக்குவது அவர்தான். ஊரில் மைக் செட் கடையில் இருந்தவர். "ஹெல்மெட் அணியாத அன்பர்கள் விழாப் பந்தலுக்கு அருகே வரவும்" என்பார். கிரேன் ஆபரேட்டர் வரை சிரிப்பார்கள்.

கேட்டதும் ஒப்புக்கொண்டார். தொழிலாளர் கேம்ப்பில் தாளை வைத்துப் படித்துப் பழகினார். லேப்டாப்பில் படத்தைக் காட்டுகிறேன் என்றேன். "வேணாம் தம்பி. அன்னைக்குப் பெரிய திரையில, பக்கத்துல நின்னே பாத்துக்கிறேன். வீட்லகூடச் சொல்லிட்டேன், மேடையில நிக்கப்போறேன்னு" என்றார்.

வெள்ளிக்கிழமை இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். எண்ணெய்க் கம்பெனி என்ஜினீயரான சங்கத் தலைவர் கைகொடுத்து வரவேற்றார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"சிவகங்கைப் பக்கம் சார்."

"சிவகங்கையேவா?"

"காளையார்கோயில் தாண்டி, ஒரு கிராமம் சார்."

"ஊருக்குள்ளயா, கொஞ்சம் வெளியவா?"

அண்ணன் புன்னகை மாறாமல் சொன்னார்: "வெளியதான் சார். பஸ் நிக்காது."

"ஓ" என்றார் தலைவர். எங்கள் ஊர்களில் சாதியை இப்படித்தான் கேட்பார்கள். வாயால் கேட்டதாகவே இருக்காது. கடல் தாண்டி வந்தும் அந்தக் கேள்விக்கு வழி தெரிந்திருந்தது.

என்னைத் தனியே அழைத்தார். "மேடை மெம்பர்ஸுக்கு மட்டும்னு ஒரு ரூல் இருக்கு தம்பி."

"போன மாசம் மிமிக்ரி பண்ணினவர் மெம்பரா சார்?"

"அவர் கெஸ்ட். இவரை ஸ்டோர் ரூம்ல உக்காந்து படிக்கச் சொல்லுங்க. மைக் ஒயர் எட்டும். உங்களுக்குக் குரல்தானே வேணும்?"

லேப்டாப்பை மூடப் போனேன். அண்ணன்தான் தடுத்தார். "விடு தம்பி. இவ்வளவு தூரம் வந்தாச்சு. நான் படிக்கிறேன்."

ஸ்டோர் ரூமிலிருந்து திரை தெரியாது. எந்த அட்டை எப்போது வருகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதற்கும் அவரே வழி சொன்னார். அட்டை வரும்போதெல்லாம் நான் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். போன் சட்டைப்பையில் அதிரும், அவர் அடுத்ததைப் படிப்பார். ஒரு கையில் தாள், மறுகையில் மைக். அரிசி மூட்டைகளுக்கும் பிளாஸ்டிக் நாற்காலி அடுக்குக்கும் நடுவே உட்கார்ந்தார்.

படத்துக்கு முன் தலைவர் பேசினார். நிறத்தை வைத்து மனிதனை மனிதன் ஒதுக்கிய கொடுமையைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கைதட்டினார்கள். ஸ்டோர் ரூம் கதவு பாதி திறந்திருந்தது.

படம் ஓடியது. முதல் அட்டைக்கு அந்தக் குரல் வந்ததும் ஹால் அமைதியானது. ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகள்கூட நின்றார்கள். ஆசிரியை பேசும்போது தாழ்ந்தும், பண்ணைக்காரன் பேசும்போது தடித்தும், நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

பிறகு அந்தக் காட்சி. கும்பல் குடும்பத்தைப் பிடித்துவிட்டது. தாய் மகனைத் தேடித் திரும்புகிறாள். அங்கே அட்டையே கிடையாது, நான் போனைத் தொடவில்லை. ஆனால் ஸ்டோர் ரூமிலிருந்து கணீரென்று குரல் வந்தது:

"தேநீரில் இன்னும் கொஞ்சம் சர்க்கரை சேர்க்கட்டுமா?"

அது பின்னால், பணக்கார வீட்டு விருந்தில் வர வேண்டியது. ஹால் வெடித்துச் சிரித்தது. திரையில் தூக்குக் கயிற்றை இழுக்கிறார்கள். மறுபடி குரல்: "என்ன அழகான மாலைப் பொழுது!" இன்னும் பெரிய சிரிப்பு. நான் ஸ்டோர் ரூமுக்கு ஓடுவதற்குள் தலைவர் மைக்கை அணைக்கச் சொல்லி, "கலாஸ், முடிஞ்சுது, சாப்பிடலாம் வாங்க" என்றுவிட்டார். படம் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே கொஞ்ச நேரம் தானாக ஓடியது.

அண்ணன் போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். ஊரிலிருந்து மனைவி. வெள்ளிக்கிழமையானால் அவள் மிஸ்டு கால் கொடுப்பாள், இவர் திருப்பி அழைப்பார். மேடை ஏறினாரா என்று கேட்கப் பொறுக்காமல் அடுத்தடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

"அவ பண்ணது தம்பி" என்றார். "எதுக்குச் சிரிச்சாங்க?"

சொன்னேன். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "மகனைத் தேடுன அந்தம்மா மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"காட்டுறேன் அண்ணே. ரூமுக்கு வாங்க."

"அடுத்த வெள்ளி வர்றேன்." கேம்ப் பஸ் போய்விடும் என்று சாப்பிடாமலே கிளம்பினார்.

நான் வயர்களைச் சுருட்டும்போது தலைவர் என் தோளில் கைபோட்டார். "இதுக்குத்தான் தம்பி, ஆளைப் பாத்து எடுக்கணும்கிறது. நீங்க கத்துக்குவீங்க." மறு கையில் என் படத்தின் டிவிடி இருந்தது. "பொண்ணுக்கு ஸ்கூல்ல ரேசிசம் பத்தி ப்ராஜெக்ட். பாத்துட்டுத் தர்றேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை என் போன் ஒருமுறை அடித்து நின்றது. திருப்பி அழைத்தேன்.

"தம்பி, இன்னைக்கு வரலாமா? படம் பாக்க."

தலைவர் வீட்டுக்கு அன்று காலைதான் போய் வந்திருந்தேன். மகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

"டிஸ்க் அவர்கிட்ட இருக்கு அண்ணே" என்றேன்.

அந்தப் பக்கம் கேம்ப்பில் யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம் கேட்டது.

"அவர்கிட்டயா?" என்றார். "சரி தம்பி. அவங்க பாக்கட்டும்."

அதற்குப் பிறகு காலையில் மெகாபோன் வேறு ஆளிடம் இருந்தது. தொண்டை சரியில்லை என்றாராம்.